இரண்டாவது காருக்கு இடம்

அக்டோபர் 17, 2017

ரத்த அழுத்தம் 148/92. தினமும் குறித்து வைக்கும்படி டாக்டர் சொன்னார், அதற்காகத்தான் இந்த நோட்டு. அழுத்தம் ஏறினால் காரணத்தையும் எழுதுங்கள் என்றார். இன்றைக்குக் காரணம் தெரியும். ஏணி.

போன வெள்ளிக்கிழமை என் மகள் கைசா கிரீன் பேயிலிருந்து போன் செய்து, கணக்காளர் தேர்வில் நாலு தாளும் பாஸ் என்றாள். உடனே ஆர்னி கடைக்குப் போனேன். அவனுடைய இரும்புச் சாமான் கடை வாசலில், எழுத்துகளைக் கோத்து வைக்கிற பெரிய போர்டு இருக்கிறது. மண்வெட்டி என்ன விலை, யார் வீட்டில் கல்யாணம் எல்லாவற்றையும் ஊர் அதில்தான் படிக்கும். நானே ஏறி, "வாழ்த்துகள், கைசா லஹ்தி, சி.பி.ஏ." என்று கோத்தேன். போகிறவர்கள் ஹாரன் அடித்தார்கள். நானும் நான் ஓட்டுகிற கவுண்டி வண்டியின், அதாவது மாவட்ட நிர்வாக வண்டியின், ஹாரனை அடித்தேன். பனி தள்ளும் வண்டியின் ஹாரன் கப்பலுக்குப் போடுகிற மாதிரி இருக்கும். அது வேறு புகார் ஆகிவிட்டது.

இன்று மத்தியானம் கைசா போன். அம்மா அனுப்பிய போட்டோவைப் பார்த்திருக்கிறாள்.

"அப்பா, அத இறக்கு."

"ஏம்மா, ஏதாச்சும் தப்பா கோத்துட்டேனா?"

"கோத்ததெல்லாம் சரி. நான்தான் இன்னும் அது இல்ல. தேர்வு பாஸ் பண்ணிட்டா மட்டும் ஆயிடாது, லைசென்ஸ் கைக்கு வரணும். வராம பேருக்குப் பின்னாடி அந்த மூணு எழுத்தப் போடறது சட்டப்படி குத்தம்."

"நீ போடலையே. நான்தானே போட்டேன்."

"இத லைசென்ஸ் குடுக்கற ஆபீஸ்ல வந்து நீயே சொல்லு."

கல்மழையும் தூறலுமாகக் கொட்டும்போது ஏறி மூன்று எழுத்தையும் கழற்றினேன். கீழே ஆர்னி ஒரு கையால் ஏணியையும் இன்னொரு கையால் டோனட்டையும் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டில் எதைக் கெட்டியாகப் பிடித்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பேருக்குப் பின்னாடி எடம் காலியா கெடக்கு, டேல். பல்லு விழுந்த மாதிரி."

"திரும்ப வரும்."

"பல்லா?"

அக்டோபர் 19

144/90. மூன்று எழுத்தும் கோட்டுப் பையிலேயே இருக்கின்றன. பிளாஸ்டிக். உட்காரும்போது குத்துகிறது.

அக்டோபர் 24

லைசென்ஸ் விஷயத்தை இன்று முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் லாரி லைசென்ஸ் மாதிரி ஒரு அட்டை வாங்கினால் நாடு முழுக்கச் செல்லும் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தரும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆபீஸ், தனி விதி, தனி முகச்சுளிப்பு. ஒரு மாநிலத்தில் வாங்கியதை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் முதலில் எங்கே வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டும்.

கைசாவுக்கு மூன்று வழி. இப்போது அவள் இருப்பது விஸ்கான்சினில், கிரீன் பேயில். அவளும் அவள் காதலன் அமாடோவும் புது வருஷத்தில் குடிபோகப்போவது அரிசோனாவுக்கு, டூசானுக்கு. அமாடோ பிறந்த ஊர் அது, அங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலை கிடைத்திருக்கிறது. பிறகு மிச்சிகன், அதாவது இங்கே, எங்கள் ஊர். மூன்றாவதை அவள் கடைசியாகத்தான் சொன்னாள். நான் அதைத்தான் முதலில் எழுத நினைத்தேன்.

சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். எங்கள் ஊர் சர்க்கரை டப்பா பக்கத்தில் இருக்கிறது. டூசான் மேஜைக்கு வெளியே தொங்குகிறது.

இன்னொன்றும் தெரிந்தது. இத்தனை மணி நேரம் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று கணக்காம். அவளுக்குக் கொஞ்சம் குறைந்தபோது எந்தப் பாடமானாலும் சரி என்றார்களாம், பவுலிங் வகுப்பில் சேர்ந்து, கட்டைகளைச் சாய்க்கப் பந்து உருட்டி நிரப்பியிருக்கிறாள். நான் முப்பது வருஷமாக வியாழக்கிழமை தவறாமல் பந்து உருட்டுகிறேன். எனக்கு ஒருத்தரும் மணி நேரம் போட்டுக் கொடுக்கவில்லை.

அக்டோபர் 28

என் மனைவி ஜூடி என்னை உட்கார வைத்துப் பேசினாள். இவள் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவள், நான் ஒருத்தன் எம்மாத்திரம்.

"டேல், இங்க வந்து வாங்கிக்கோன்னு நீ சொல்லக்கூடாது."

"நான் எங்க சொன்னேன்?"

"நேத்து போன்ல நம்ம ஊரு ஆப்பிளப் பத்திக் கால் மணி நேரம் பேசின. அவ கணக்கப் பத்திக் கேட்டா."

"ஆப்பிள் நல்லா இருந்துச்சு."

"அவளா தீர்மானிக்கட்டும். கேட்டா மட்டும் சொல்லு. கேட்டாலும் கொஞ்சமா சொல்லு."

சரி என்றேன். பிறகு, நடுநிலையாக விசாரித்து மூன்று மாநிலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஜூடி பதில் சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டாள். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் 2

அரிசோனா ஆபீஸுக்குப் போன் செய்தேன். ரொம்ப நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு அம்மா வந்தார். குரலிலேயே வெயில்.

"நீங்கதான் விண்ணப்பம் பண்ணப்போறீங்களா சார்?"

"இல்லைங்க. எம் பொண்ணு. நான் பனி தள்ற வண்டி ஓட்டறவன்."

"இங்க அந்த வேலைக்கு ஆள் எடுக்கறதில்ல சார்."

நல்ல பெண்மணி. விண்ணப்பிக்கிறவர் அல்லாதவரிடம் அதிகம் பேச முடியாது என்றார். அதற்குப் பிறகும் பேசினார். லைசென்ஸ் உள்ள ஒருவரின்கீழ் ஒரு வருஷம் வேலை பார்த்திருக்க வேண்டும், அவர் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதெல்லாம் காகித வேலைதான் என்றார். கடைசியில், எங்கே வாங்குவது நல்லது என்று கேட்டேன்.

"எங்க உக்காந்து வேல பாக்கப்போறாங்களோ அங்கயே வாங்கிடச் சொல்லுங்க சார். தலவலி கம்மி."

இது ஒருவருடைய கருத்துதான். குறித்து வைத்தேன். ஜூடியிடம் சொல்லவில்லை. கைசாவிடமும்.

நவம்பர் 5

சிக்கல் வந்துவிட்டது. கைசாவுக்கு. எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை.

கையெழுத்துப் போட வேண்டியவர் வோஸ், கிரீன் பேயில் அவளுடைய முதலாளியாக இருந்தவர். கோடையில் ஆபீஸை விற்றுவிட்டுப் போனை அணைத்துவிட்டுப் போய்விட்டார். புதிதாக வாங்கியவர், நான் பார்க்காத வேலைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். நியாயம்தான். வோஸ் வீட்டைக் காலி செய்தாயிற்று. கடிதங்கள் திரும்பி வருகின்றன. வடக்கே எங்கேயோ வேட்டைக் குடிலில் இருக்கிறார் என்று மட்டும் யாரோ சொன்னார்களாம். வடக்கே எங்கேயோ என்றால் எங்கள் பக்கம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் மரத்துக்கு ஒரு குடில் இருக்கிறது.

டூசானில் ஒரு கணக்கு ஆபீஸ் அவளை எடுத்துக்கொள்ளத் தயார். ஆனால் இந்த மாசக் கடைசிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

வோஸ் கிடைக்காவிட்டால் அவள் பார்த்த வேலை எந்த மாநிலத்திலும் கணக்கில் வராது. வேறொருவரிடம் இன்னொரு வருஷம் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

"ஐயோ பாவம்" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். ஜூடி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நவம்பர் 7

பெல்கி என்னைத் தெருவில் நிறுத்தினார். யூஜின் பெல்கிதான் எங்கள் ஊரின் ஒரே கணக்காளர். எங்கள் எல்லாருடைய வரிக் கணக்கும் அவர் மேஜையில்தான். குளிர்காலத்தில் அவர் ஆபீஸின் பின்பக்கத்தில் என் சொந்த வண்டியால் பனி தள்ளித் தருவேன், பதிலுக்கு அவர் என் வரிக் கணக்கைப் போட்டுத் தருவார்.

"ஒம் பொண்ணு விஷயம் கேள்விப்பட்டேன். ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும். நான் கையெழுத்து போடறேன், மிச்சிகன் லைசென்ஸ் வாங்கட்டும். அப்புறம் இஷ்டப்பட்டா என் நாற்காலியையும் வாங்கிக்கட்டும். எனக்கு முதுகு வலிக்குது."

"நாற்காலியினாலயா?"

"கணக்கினால."

கைசாவிடம் அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை. அமாடோ ஜனவரிவாக்கில் முன்னால் போக, அவள் ஒரு வருஷம் கழித்துப் போகலாமா என்று யோசிக்கிறாளாம். அடுத்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் வந்து பெல்கியைப் பார்க்கிறார்கள்.

134/84. இயந்திரம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

நவம்பர் 10

முதல் பெரிய பனி. முழங்கால் வரை. காலையில் கவுண்டி வேலையை முடித்துவிட்டுப் பெல்கி ஆபீஸின் பின்பக்கத்தில் பனி தள்ளினேன். இந்த வருஷம் இரண்டு காருக்கு இடம் எடுத்தேன். பெல்கிக்கு ஒரு கார்தான். இரண்டாவது இடத்தில் சுவர் காற்றை மறைக்கிறது, காலை வெயில் நேராக விழுகிறது, முன்கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருக்காது.

வண்டியில் பனி தள்ளும் தகடு அகலமானது. அதனால்தான்.

நவம்பர் 13, திங்கள்

ஆர்னி கடையில் மான் வேட்டைக்காரர்கள் வரிசை. புதன்கிழமை சீசன் தொடங்குகிறது. பள்ளிக்கூடத்துக்கே லீவு. எனக்கு வேண்டியது ஒரு டார்ச் விளக்குக்கு பேட்டரி.

ஆர்னி யாரிடமோ பேசிக்கொண்டே எனக்குப் பேட்டரி எடுத்துக் கொடுத்தான். "இப்பதான் ஒரு ஆளு அடுப்புக் குழாய் வாங்கிட்டுப் போறான். கிரீன் பேல கணக்கு ஆபீஸ் வெச்சிருந்தானாம், வித்துட்டு இங்க பெர்ச் லேக் ரோட்டுக் கோடியில குடில் வாங்கியிருக்கான். சீசன் முடியற வரைக்கும் ஏசுநாதரே வந்தாலும் வெளிய வரமாட்டேங்கறான்."

"பேரு என்ன?"

"வோஸ்."

பேட்டரியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சில்லறை வாங்க மறந்துவிட்டேன். வீட்டில் ஜூடி, "என்ன விசேஷம்?" என்றாள். மண்வெட்டி விலை கூடிவிட்டது என்றேன்.

நவம்பர் 14

கேட்டா மட்டும் சொல்லு என்று ஜூடிதான் சொன்னாள். யாரும் கேட்கவில்லை.

நவம்பர் 16

கைசா போன் செய்தாள். வோஸைத் தேடி இருபது பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறாளாம்.

"அங்க ஒருத்தருக்கும் தெரியாதாப்பா?"

என்னைத்தான் கேட்டாள். அப்படிப் பார்த்தால் கேட்டாயிற்று.

"சீசன் நேரம்மா. மனுசன் எல்லாம் காட்டுக்குள்ள" என்றேன். பொய் இல்லை. அதுதான் பிரச்சினை, ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

151/95. எதுக்கு இத தினமும் எழுதணும்? டாக்டர் படிக்கவா போறார். — படிப்பார். படித்தால் படிக்கட்டும்.

ஒரு வருஷம்தானே. அவ வாழ்க்கையில ஒரு வருஷம் என்ன பெரிசு? எனக்குத்தான் பெரிசு.

நவம்பர் 18, சனி

நேற்று இரவு இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். காலையில் பெல்கி கைசாவுக்கு ஆபீஸைக் காட்டினார். நான் வெளியே வண்டியில் இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். பெல்கி கைதட்டினார். அவள் கார் இரண்டாவது இடத்தில் நின்றது. கண்ணாடியில் துளிகூடப் பனி இல்லை.

சனிக்கிழமை என்பதால் சாயங்காலம் சவுனா, சூடான கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கிற அறை. பெண்கள் முதலில் போய்வந்தார்கள். பிறகு நானும் அமாடோவும். எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் ஒரே வழக்கம், சவுனாவுக்குள் சண்டை கூடாது, பொய்யும் கூடாது. போன முறை அமாடோ என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தான். பாலைவனத்தில் பிறந்தவன், அது கணக்கில் சேராது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

கல்லின்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினேன். ஆவி எழுந்தது.

"பெல்கி நல்ல மனுசன்" என்றான்.

"நல்ல மனுசன்தான்."

"எங்க லைசென்ஸ் வாங்கினாலும் எனக்குச் சரின்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

"நெஜமாவே சரியா?"

எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று அவனுக்கும் தெரியும்.

"இல்ல."

"அப்ப சொல்ல வேண்டியதுதானே."

"வான்னு ஒரு வார்த்தை சொன்னா வந்துடுவா, டேல். அப்புறம் அவளா வந்தாளா, நான் சொல்லி வந்தாளான்னு எனக்குக் கடைசி வரைக்கும் தெரியாது."

நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன். ஊற்றியிருக்கக் கூடாது. காது எரிந்தது. இவன் இப்படி ஒரு ஆளாக இருக்க வேண்டுமா. கொஞ்சம் மோசமானவனாக இருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்.

"வோஸ் இருக்கற எடம் எனக்குத் தெரியும்" என்றேன்.

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமலேர்ந்து."

அவன் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். உள்ளே சண்டை கூடாது என்பதால் வெளியே போய்த் திட்டலாம் என்று நானே யோசனை சொல்லக்கூடத் தயாராக இருந்தேன்.

"தண்ணி இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றான்.

சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொன்னேன். "ஆர்னி இன்னிக்குதான் சொன்னான்" என்றேன். சவுனாவை விட்டு வெளியே வந்துவிட்டோம் அல்லவா. கைசா நாற்காலியிலிருந்து எழுந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அமாடோ உருளைக்கிழங்கை ரொம்பச் சின்னச் சின்னதாக நறுக்கினான்.

நவம்பர் 19, ஞாயிறு

ராத்திரி மறுபடியும் பனி. என் பிக்கப் வண்டியில் முன்தகட்டை மாட்டிக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். கைசா ஜன்னலோரம், அமாடோ நடுவில், மடியில் பேஸ்டிப் பொட்டலம். ஜூடி மாவுக்குள் கறியும் கிழங்கும் வைத்துச் சுட்டுக் கொடுத்திருந்தாள். "அந்த மனுசனுக்கும் ஒண்ணு குடுங்க. வெறுங்கையோட போய்க் கையெழுத்துக் கேக்காதீங்க."

பெர்ச் லேக் ரோட்டில் பாதி தூரத்தில் ஒரு பலகை நிற்கிறது: இதற்குமேல் கவுண்டி பனி தள்ளாது. அந்தப் பலகையை நட்டவனே நான்தான். அதைத் தாண்டி இடுப்பளவு பனி. தகட்டை இறக்கினேன்.

சொல்லப்போனால் அங்கேயே திரும்பியிருக்கலாம். இதற்குமேல் போக முடியாது என்று நான் சொன்னால் இந்தக் கவுண்டியில் யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். ரோடு போகுமா போகாதா என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

தள்ளினேன். பின்னால் வந்தேன், முன்னால் போனேன், தள்ளினேன். கைசா, "அப்பா, முடியுமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயசு மாதிரி இருந்தது. முடியும் என்றேன்.

குடில் கதவு திறந்தது. உள்பனியனும் நீள உள்கால்சட்டையுமாக ஒருவர். தாடி. கையில் துப்பாக்கி, நல்லவேளை தரையைப் பார்த்து.

"வனக்காவலா? எல்லா மானுக்கும் சீட்டு இருக்கு."

"இல்ல சார், நான் கைசா."

"லஹ்தியா?" துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். "என்ன, ஆபீஸ் எரிஞ்சு போச்சா?"

"இல்ல சார். ஒரு கையெழுத்து."

"நான் ரிட்டயர் ஆயிட்டேன்."

"நான் உங்ககிட்ட வேல பாத்தப்ப ஆகலையே. அது போதுமான்னு லைசென்ஸ் ஆபீஸ்ல கேட்டுட்டேன், போதுமாம்."

உள்ளே உட்கார வைத்தார். கைசா உறையிலிருந்து விண்ணப்பங்களை எடுத்தாள். மூன்று மாநிலத்துக்கும் தனித்தனியாக வைத்திருந்தாள். வோஸ் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தார். பெல்கியும் இப்படித்தான். இவர்களுக்கு எங்கேயோ இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

"எங்கிட்ட மூணு பேரு வேல பாத்தாங்க" என்று என்னிடம் சொன்னார். "இவ ஒருத்திதான் நான் காப்பிக்குச் சக்கரை போட்டுக்கறேன்னு என் பெஞ்சாதிகிட்டப் போட்டுக் குடுத்தவ."

"எனக்கும் அதேதான் பண்ணினா" என்றேன்.

பேனா எழுதவில்லை. மை உறைந்திருந்தது. என் அக்குளில் வைத்துச் சூடாக்கிக் கொடுத்தேன். என் மகள் லைசென்ஸ் வாங்குவதில் கணக்கு சம்பந்தமாக என் பங்கு அவ்வளவுதான்.

"எந்த மாநிலம்?" என்றார் வோஸ்.

கைசா என்னைப் பார்த்தாள். அமாடோ ஜன்னலைப் பார்த்தான். நான் பேனாவைப் பார்த்தேன்.

"மூணுலயும் போட்டுடுங்க சார்" என்றாள்.

திரும்பி வரும்போது நான் தள்ளிய பாதையில் வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது. போன நேரத்தில் கால்வாசிகூட ஆகவில்லை.

அன்றே, சாப்பிட்ட பிறகு

மேஜையில் மூன்று விண்ணப்பத்தையும் சீட்டுக்கட்டு மாதிரி வரிசையாக வைத்தாள்.

"அப்பா, நீ சொல்லு."

ஜூடி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் நின்றது.

"எங்க உக்காந்து வேல பாக்கப்போறியோ அங்கயே வாங்கு. தலவலி கம்மி."

"யாரு சொன்னா?"

"அரிசோனா ஆபீஸ்ல ஒரு அம்மா."

"நீ அங்க போன் பண்ணியா?"

"வெயில் எப்படி இருக்குன்னு கேக்க."

அவள் சிரிக்கவில்லை. "அந்த அம்மா என்ன நினைக்கறாங்கன்னு நான் கேக்கல. நீ என்ன நினைக்கற?"

"அதேதான் நானும் நினைக்கறேன்."

ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். சின்ன வயசில் சீட்டாட்டத்திலும் இப்படித்தான் பார்ப்பாள், என் கையில் என்ன சீட்டு என்று. எப்போதும் கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்குக் கண்டுபிடித்தாளா என்று தெரியவில்லை. மிச்சிகன் தாளையும் விஸ்கான்சின் தாளையும் மடித்து உறைக்குள் போட்டாள்.

குழாய்ச் சத்தம் மறுபடி கேட்டது.

படுக்கப்போகும்போது ஜூடி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஆர்னி இன்னிக்குதான் சொன்னானா?"

"தூங்கு" என்றேன்.

162/98. இயந்திரம் கெட்டுவிட்டது போல.

நவம்பர் 21

பெல்கியிடம் நானே போய்ச் சொன்னேன். "சரிதான்" என்றார். "பதினஞ்சாம் நூற்றாண்டுலேர்ந்து பொண்ணுங்க வெயிலத்தான் பாத்துப் போறாங்க." எந்தக் கணக்கில் பதினைந்து என்று கேட்கவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 30

கிளம்பிவிட்டார்கள். அமாடோ வண்டியில் சாமானை அடுக்கியதை நான் மேற்பார்வை பார்த்தேன். பனி அள்ளுகிற மண்வெட்டி இரண்டு வைத்தேன். எதற்கு என்றான். வழியில் தேவைப்படும் என்றேன். டூசானில் வைத்துக்கொள் என்றேன். எதற்கு என்று மறுபடி கேட்கவில்லை.

கைசா என் கோட்டைப் பிடித்தாள், பையில் கை பட்டது.

"என்னப்பா இது, குத்துது?"

"ஆர்னியோடது. திருப்பிக் குடுக்கணும்."

ஜனவரி 12, 2018

வெளியே −27 டிகிரி. 150/94. ஏழு மணி நேரம் வண்டியில். ஆர்னி போர்டில் உப்பு விற்பனை.

ஜனவரி 25

பெல்கி ஆபீஸில் கைசா சுற்றிய அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. முதுகு வலிக்கு இப்போது அதில் ஒரு மெத்தை போட்டிருக்கிறார், ஆனால் உட்காருவது வேறொரு பழைய நாற்காலியில்தான்.

பிப்ரவரி 9, 2018

131/82. இறங்கியிருக்கிறது. காரணம் எழுத வேண்டும் என்றால் எழுத ஒன்றும் இல்லை.

கைசாவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய போட்டோ அனுப்பியிருந்தாள். ஓரத்தில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் முள்ளுச் செடி. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். பிப்ரவரியில்.

ஏணி. ஆர்னி இந்த முறை இரண்டு கையாலும் பிடித்தான். "பி" பாதியாக உடைந்திருந்தது, நான் உட்கார்ந்து உட்கார்ந்து. டேப் போட்டு ஒட்டினோம். "வாழ்த்துகள், கைசா லஹ்தி, சி.பி.ஏ." இந்த முறை சட்டப்படி. ரோட்டில் இரண்டு பேர் ஹாரன் அடித்தார்கள். நான் கவுண்டி ஹாரனைத் தொடவில்லை. கொஞ்சம்தான் தொட்டேன்.

இறங்கி வரும்போது பெல்கி எதிர்ப்பட்டார். போர்டைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார்.

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சேன் டேல். எங்கிட்ட ஒரு காருதான் இருக்கு. நீ எதுக்கு குளிர்காலம் முழுக்க ரெண்டு காருக்கு எடம் எடுக்கற?"

"தகடு அகலம்" என்றேன்.

தலையாட்டினார். கணக்குப் பார்க்கிறவர், தகட்டின் அகலத்தை மனதில் ஒருமுறை அளந்திருப்பார். அதற்குமேல் கேட்கவில்லை.

சாயங்காலம் கைசா போன். அங்கே சூடாம், பகலெல்லாம் வெயிலில் நிற்கிற காரில் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லையாம். புது ஆபீஸில் கார் நிறுத்த நிழல் கிடைக்க அதிகாலையில் போக வேண்டுமாம். ஜூடி பேசினாள், நான் பேசினேன்.

"அங்க பனி எப்படிப்பா? ரொம்பவா?"

"பரவாயில்லம்மா."

"இன்னிக்கு எங்கெல்லாம் தள்ளின?"

ஊர் ரோடு, பள்ளிக்கூடம், சர்ச் வாசல், ஆர்னி கடை, பெல்கி ஆபீஸ் என்று வரிசையாகச் சொன்னேன். பெல்கி ஆபீஸில் இன்றைக்குக் காலையிலும் இரண்டு இடம் எடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.